குடும்பத்தோடு ஆட ஒரு விளையாட்டு: டிஸ்க் கோல்ஃப்



நமது அறக்கட்டளையின் சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாம்களில் சகோதரிகளிடம் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "டாக்டர் தினமும் நடக்கச் சொல்றாருங்க. தனியாப் போகக் கூச்சமா இருக்கு. பிள்ளைங்களை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?"

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும், 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே நடக்க ஒரு வழிதான் டிஸ்க் கோல்ஃப்.

இது கோல்ஃப் போன்றதே. பந்துக்கும் மட்டைக்கும் பதிலாக, கையால் எறியும் பிளாஸ்டிக் தட்டு. பள்ளி விளையாட்டு விழாவில் எறியும் வட்டு ஒரு கிலோவுக்குக் குறையாது. இந்தத் தட்டோ பெரும்பாலும் 150 முதல் 175 கிராம்தான். குழிக்குப் பதிலாக, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. 1975-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் என்பவர் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தார். கூடை வருவதற்கு முன் மரமும் விளக்குக் கம்பமும்தான் இலக்கு. ஆகவே கூடை இல்லையே என்று நாம் கவலைப்பட வேண்டாம்.

ஆடும் முறை எளிது. குறித்த இடத்தில் நின்று இலக்கை நோக்கி எறிய வேண்டும். தட்டு விழுந்த இடத்துக்கு நடந்து போய், அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். இலக்கிலிருந்து தூரத்தில் இருப்பவர் முதலில் எறிவார். எல்லா இலக்குகளையும் முடித்தபின், குறைந்த எறிகளில் முடித்தவருக்கு வெற்றி. ஓட வேண்டியதில்லை. புர்காவோடும் ஆடலாம். பேரனும் நன்னியும் சேர்ந்தே ஆடலாம்.

வலக்கைக்காரர்கள் வலது தோளை இலக்குப் பக்கம் திருப்பி நிற்கவும். கட்டைவிரல் தட்டின் மேலே, மற்ற விரல்கள் அடியில். தட்டைச் சாய்க்காமல் மட்டமாக வைத்து, மணிக்கட்டைச் சுழற்றி விடவும். முன்பக்கம் தூக்கினால் தட்டு மேலே ஏறி அருகிலேயே விழுந்துவிடும். வேகத்தைவிட மட்டமே முக்கியம்.

தொடங்குவதற்கு ஆளுக்கொரு ஃபிரிஸ்பி தட்டும் நான்கு இலக்குகளும் போதும். துணிக் கூடையை ஸ்டூல் மேல் வைக்கலாம், பழைய சைக்கிள் டயரை மரத்தில் சாய்த்து வைக்கலாம். தட்டு அதில் பட்டாலே கணக்கு. சிறுவர்களுக்கு 20 அடிவைப்பு, பெரியவர்களுக்கு 40 அடிவைப்புத் தூரம் சரியாக இருக்கும்.

எங்கே ஆடுவது? உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளிலும் ரேஸ் கோர்ஸ் நடைபாதையிலும் வேண்டாம். அங்கே நடப்பவர்கள் அதிகம். குளத்தில் விழுந்த தட்டும் திரும்ப வராது. விடுமுறை நாளில் பள்ளி மைதானமோ, கூட்டமில்லாத பூங்காவின் ஒரு மூலையோ ஏற்றது. பொறுப்பாளரிடம் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்டத்தில் வழக்கமாக நடுவர் கிடையாது. அவரவர் எறிகளை அவரவரே உண்மையாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இதுவே நல்ல பயிற்சி. எறியும் பாதையில் யாராவது வந்தால், அவர் கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். மரக்கிளைகளை ஒடிக்கக் கூடாது.

சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு ஆட வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். கையில் கொஞ்சம் இனிப்பும் இருக்கட்டும்.

ஞாயிறு அஸருக்குப் பின் தொடங்கினால் மஃரிபுக்குள் வீடு திரும்பிவிடலாம். இந்த வாரம் பக்கத்து வீட்டுச் சகோதரியையும் அழைத்துச் செல்லுங்கள். தனியாகப் போகக் கூச்சப்படுபவர் அவராகவும் இருக்கலாம்.