ஸ்ரீரங்கத்துக்கே ஒரு மெயின் வால்வு இருக்கிறது, தெரியுமா?

உங்கள் வீட்டு மெயின் வால்வு எங்கே இருக்கிறது? கேட்டவுடன் பதில் வருகிறதா? பல வீடுகளில் வராது. குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போதுதான் ஆளுக்கொரு பக்கம் ஓடித் தேடுவார்கள். ஆனால் ஸ்ரீரங்கம் என்கிற ஊருக்கே ஒரு மெயின் வால்வு இருக்கிறது! அது எங்கே என்று ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும். திருச்சியிலிருந்து கரூர் சாலையில் சுமார் 18 கிலோமீட்டர் போனால் முக்கொம்பு.

அங்கேதான் ஆறு இரண்டாகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவே தீவாக ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். ஆற்றை அதன் போக்கில் விட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? கொள்ளிடத்துக்குத்தான். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது அதுதான். காவிரி மணல் மேடிட்டது, தஞ்சை வயல்கள் தவித்தன. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டிய பிறகுதான் காவிரிக்கு மறுபடி தண்ணீர் திரும்பியது.

இன்னொரு வியப்பு. ஆழம் காண முடியாத மணலில் அணைக்கு அஸ்திவாரம் எப்படிப் போடுவது என்று காட்டன் எந்தக் கல்லூரியில் படித்தார் தெரியுமா? கல்லணையில்! கரிகாலன் பெயர் சொல்லி நிற்கும் அந்த அணையைப் பார்த்துத்தான் கற்றார். பாறைகளை மணலில் போட வேண்டியது, புதையப் புதைய மேலே இன்னும் போட வேண்டியது, இனிப் புதையாது என்ற நிலை வந்ததும் அதன்மேல் கட்ட வேண்டியது. இதை இந்நாட்டின் பழங்காலக் கட்டுநர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்று காட்டனே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். ஸ்ரீரங்கம் தீவின் மேல்முனையில் மாணவர் கட்டிய அணை, கீழ்முனையில் ஆசான் கட்டிய அணை!

அந்த மேலணைக்கு 182 வயதானபோது, 2018 ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு, கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளில் ஒன்பது, மேலே இருந்த பாலத்தோடு சேர்ந்து சரிந்து ஆற்றோடு போயின. அதற்குச் சில நாட்கள் முன்பு மேட்டூரிலிருந்து நொடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி திறந்திருந்தார்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொட்டை மாடியில் வைக்கிற 1,000 லிட்டர் டேங்குகளாக நினைத்தால், ஒரே நொடியில் 5,600-க்கும் மேல்! ஆனால் மதகுகள் போனது அந்த உச்சத்தில் அல்ல, வெள்ளம் வடியத் தொடங்கிய பிறகு. மணல் மூட்டையும் பாறாங்கல்லும் கொட்டி உடைப்பை அடைக்க இரவு பகலாக ஆட்கள் நின்றார்கள். பிறகு ரூ.387.60 கோடியில் புதிய கதவணை எழுந்தது.

கதவணையின் கதவில் ஓரங்களில் ரப்பர் பட்டை இருக்கும். கதவைத் தூக்கி இறக்க ஓர் ஏற்பாடு இருக்கும், கதவு ஓடக் காடி இருக்கும். உங்கள் வீட்டு கேட் வால்வைப் பிரித்தால் உள்ளே இருப்பதும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான். பித்தளைக் கதவு ஒன்று, அதைத் தூக்கி இறக்க ஸ்பிண்டில் ஒன்று, ஸ்பிண்டிலைச் சுற்றித் தண்ணீர் வெளியே வராமல் தடுக்கக் கயிறு மாதிரி ஒரு பேக்கிங், அந்தப் பேக்கிங்கை அழுத்திப் பிடிக்க ஒரு கிளாண்ட் நட்.

சரி, அந்த வால்வில் வருகிற கசிவுக்கு வருவோம். நொடிக்கு ஒரு சொட்டு. அதிலென்ன போய்விடும் என்று தோன்றுகிறதா? ஒரு நாளைக்கு 86,400 நொடி. நான்கு சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் நாளுக்கு 21 லிட்டர், வருஷத்துக்கு ஏழாயிரத்து எண்ணூறு லிட்டருக்கு மேல்! சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் இன்னும் நிற்கிற பழைய வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். நம் ரேழியில் ஒழுகுகிற வால்வு அவர்கள் வீட்டுப் பூஜை அறையில் ஓதம் காட்டும். சண்டை எங்கிருந்து தொடங்கியது என்று இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்திருக்காது.

இந்தத் தீவில் கசிவையே கும்பிடுகிற இடமும் உண்டு! திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் சந்நிதி. பஞ்சபூதத் தலங்களில் நீருக்கான தலம். லிங்கத்தைச் சுற்றி எப்போதும் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். இருபுறமும் ஆறு ஓடும் மண்ணில் நிலத்தடி நீர் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று கருவறையே காட்டுகிறது. அங்கே ஊறுவது தெய்வம். வீட்டுச் சுவரில் ஊறுவதை அப்படி விட்டுவிடக் கூடாது.

எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க என்ன வேண்டும் தெரியுமா? டிஷ்யூ பேப்பர் போதும். வால்வைத் துணியால் ஒட்டத் துடைத்துவிட்டு, காய்ந்த தாளை ஒவ்வொரு இடமாக ஒற்றிப் பாருங்கள். முதலில் கைப்பிடிக்குக் கீழே ஸ்பிண்டில் நுழைகிற இடம். பிறகு உடம்பு. கடைசியாக இருபுறமும் குழாய் சேருகிற மரை. தண்ணீர் வழிந்து கீழே வந்துதான் சொட்டும், ஆகவே சொட்டுகிற இடம் ஒழுகுகிற இடமாக இருக்க வேண்டியதில்லை. மேலிருந்து கீழே பாருங்கள்.

பழைய வால்வுகளில் பெரும்பாலும் ஸ்பிண்டில் பக்கம்தான் தாள் நனையும். உற்றுப் பார்த்தால் கிளாண்ட் நட்டின் விளிம்பில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குப் படிந்திருக்கும். பச்சை, பித்தளையில் உள்ள செம்பு. வெள்ளை, உப்புத் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன சுண்ணாம்பு. அந்தப் பொருக்குக்கு நடுவே ஒரு துளி மெல்லப் பருத்து, நட்டின் ஒரு முனைக்கு நகர்ந்து, கனம் தாங்காமல் விழும். வருஷக்கணக்கில் தொடாமல் கிடந்த வால்வை ஒரு நாள் திருப்பினால் அன்றைக்கே இது ஆரம்பிக்கும். உள்ளே பேக்கிங் காய்ந்து இறுகியிருக்கும், ஸ்பிண்டில் அசைந்ததும் இடைவெளி விட்டுவிடும். அதனால்தான் சொல்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வால்வை முழுக்க மூடித் திறந்து வையுங்கள். கடைசிவரை திறந்த பிறகு கால் சுற்று திருப்பி விட்டால் திறந்த நிலையில் சிக்கிக்கொள்ளாது.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? எட்டில் ஒரு பங்கு சுற்று! அவ்வளவுதான். ஒரு ஸ்பேனரால் வால்வின் உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் கிளாண்ட் நட்டை வலப்பக்கம் அந்த அளவு மட்டும் திருப்புங்கள். துடைத்துப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் இன்னொரு எட்டில் ஒன்று. கைப்பிடி கையால் திரும்புகிற அளவோடு நிறுத்திவிட வேண்டும். நீளமான குழாயைச் சொருகி நெம்பினால் பித்தளை முறியும், பிறகு சொட்டு ஓடையாகிவிடும். வால்வின் தலையில் எம்-சீல் அப்புகிறவர்கள் உண்டு. கசிவு கொஞ்ச நாள் நிற்கலாம், ஆனால் ஸ்பிண்டிலும் அதோடு சேர்ந்து கல்லாகிவிடும். மூட முடியாத வால்வு எதற்கு?

இறுக்கியும் நிற்கவில்லையா, பேக்கிங் போய்விட்டது. தெரு லைன் என்றால் தண்ணீர் வராத நேரமாகப் பார்த்து, டேங்க் லைன் என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு நட்டைக் கழற்றுங்கள். கிராஃபைட் தடவிய பேக்கிங் கயிறு ஹார்டுவேர் கடையில் முழக் கணக்கில் கிடைக்கும். கையில் இல்லாவிட்டால் டெஃப்லான் டேப்பையே கயிறாக முறுக்கி ஸ்பிண்டிலைச் சுற்றி, நட்டை மறுபடி இறுக்கலாம்.

அந்த வெள்ளை டேப்பின் கதை தெரியுமா? அதுவும் ஒரு வால்விலிருந்துதான் தொடங்கியது! 1938 ஏப்ரல் 6. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்து வேதியியலாளர் ராய் பிளங்கெட் ஒரு சிலிண்டரின் வால்வைத் திறந்தார். வாயு வரவில்லை. எடை போட்டால் சிலிண்டர் நிறைந்திருப்பதாகவே காட்டியது. வால்வில் அடைப்பில்லை. சிலிண்டரையே அறுத்துப் பார்த்தார்கள், உள்ளே வழுவழுப்பான வெள்ளைத் தூள். எதிலும் ஒட்டாத, எந்த அமிலத்துக்கும் அசராத பொருள். அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு எல்லாவற்றையும் அரித்தபோது அதற்கு ஈடுகொடுத்தது இதுதான். இன்று பத்து இருபது ரூபாய்க்குச் சுருளாக வாங்கி நம் கொல்லைப்புறக் குழாயில் சுற்றுகிறோம்! சுற்றும்போது மரையின் முனையை நம்மைப் பார்த்து வைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முடுக்க முடுக்க டேப் பிரிந்து வந்துவிடும்.

கால் சுற்றில் மூடுகிற பால் வால்வைப் புதுச் சமாச்சாரம் என்று நினைக்கிறோமே, கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயில் கால் சுற்றில் மூடும் வெண்கல வால்வுகள் கிடைத்திருக்கின்றன! நடுவில் துளையிட்ட கட்டையைத் திருப்பினால் வழி அடைபடும். பால் வால்வில் கட்டைக்குப் பதில் உருண்டை.

ஆனால் பால் வால்வைப் படக்கென்று மூடாதீர்கள். ஏன்? ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 1987-ல் முடிந்தது, 236 அடி, அதாவது 72 மீட்டர். அதன் உச்சியில் ஒரு டேங்க் வைத்துக் குழாயைத் தரைக்கு இறக்கினால் கீழே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ வரும். பத்து மீட்டருக்கு ஒரு கிலோ என்பது கணக்கு. மாடி வீட்டு டேங்கில் நமக்கு முக்கால் கிலோகூட வராது. இப்போது கேளுங்கள்: இரும்புக் குழாயில் நொடிக்கு ஒரே ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைக் கண நேரத்தில் நிறுத்தினால் அந்தக் கணத்தில் ஏறும் அழுத்தம் சுமார் 13 கிலோ! ராஜகோபுர உச்சி டேங்கைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! சுவருக்குள் 'டம்' என்று கேட்கிறதே, அது இதுதான். 1897-98-ல் மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து இந்தக் கணக்கைச் சொன்னவர் ரஷ்ய விஞ்ஞானி ஜுக்கோவ்ஸ்கி. பல சுற்றுத் திருகி மூட வேண்டிய கேட் வால்வு இந்த அடியைத் தானாகவே தவிர்க்கிறது. பால் வால்வுக்காரர்கள் கையை மெதுவாகத் திருப்பினால் போதும், மரையும் பேக்கிங்கும் பிழைக்கும்.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் மூடியும் தண்ணீர் ஓடுகிறது என்றால் கதவுக்கு அடியில் ஆற்று மணலோ துருவோ மாட்டியிருக்கும். இரண்டு மூன்று தடவை முழுக்கத் திறந்து மூடினால் தண்ணீரே அடித்துக்கொண்டு போகும். போகவில்லையென்றால் கதவு தேய்ந்திருக்கிறது, வால்வையே மாற்ற வேண்டியதுதான். மாற்றிய பிறகு அன்று இரவு வால்வை மூடி, மோட்டாரை நிறுத்தி, டேங்கில் தண்ணீர் மட்டத்துக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். காலையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் கசிவு டேங்கிலோ வால்வுக்கு முந்தைய குழாயிலோ இருக்கிறது. மட்டம் அப்படியே நின்றால் மறுநாள் இரவு வால்வைத் திறந்து, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மறுபடி கோடு போட்டுப் பாருங்கள். அப்போது இறங்கினால் கசிவு வால்வுக்குப் பிந்தைய பக்கம்.