குறும்பேழையும் பொருத்துப்பேழையும்
பழைய ஒளிநாடாக்களைப் பெயர்த்தெடுக்கும் முறை

முன்னுரை

ஓலைச்சுவடிக்கு வாழ்நாள் உண்டு. செல்லும் ஈரமும் அதனை அரிக்கும். ஆதலால், ஓலை சிதையுமுன் அதில் உள்ளதைப் புதிய ஓலையில் படியெடுத்து வைப்பதை நம் முன்னோர் கடமையாகவே மேற்கொண்டனர். 1887ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்ததெனில், அதற்கு முன் பல தலைமுறைகளாகப் பெயர் தெரியாத ஏடெழுதுவோர் அந்நூலைப் பெயர்த்தெழுதி வந்தமையே அதற்கு அடிப்படை. பெயர்த்தெழுதப்பெறாத நூல்கள் எத்தனையோ மறைந்தொழிந்தன.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வேறொரு சுவடி நம் இல்லங்களுக்குள் வந்தது. அதுவே ஒளிநாடா. 1980களிலும் 1990களிலும் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் பொருளீட்டச் சென்ற நம்மவர் பலர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது கேம்கார்டர் எனும் கைக்கருவியைக் கொணர்ந்தனர். திருமணம், பெருநாள், புதுமனை புகுதல், குழந்தையின் முதல் நடை முதலியன அதனுள் பதிவாயின. அந்நாடாக்கள் இன்று அலமாரிகளின் மேல்தட்டில் துயில்கின்றன. ஓலையைக் கண்ணால் படிக்கலாம். நாடாவைக் கருவியின்றிப் படிக்க இயலாது. நாடா நன்னிலையில் இருப்பினும் கருவி மறைந்துவிடின் அது ஊமையாகிவிடும்.

அத்தகைய சிறு நாடாக்களை வி.சி.ஆர். கருவியில் ஓட்டுதற்கு உதவும் அடாப்டரின் இயல்பையும், அதன்வழி அவற்றைக் கணிப்பொறிக்குப் பெயர்க்கும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறும்பேழை பிறந்த வரலாறு

ஜப்பானிய நிறுவனமான ஜே.வி.சி. 1976ஆம் ஆண்டில் வி.எச்.எஸ். முறையை அறிமுகம் செய்தது. நாம் வீடியோ கேசட் என்று வழங்கிய பெரிய கறுப்புப் பேழை இம்முறையைச் சார்ந்ததே. அதன் நீளம் ஏறத்தாழ 19 செ.மீ.; அகலம் ஏறத்தாழ 10 செ.மீ. உள்ளிருக்கும் நாடாவின் அகலம் அரை அங்குலம். இப்பேழையைத் தாங்கும் கேமரா தோளில் சுமக்கத்தக்க பெருங்கருவியாகவே இருக்க வேண்டியதாயிற்று.

இவ்விடர்ப்பாட்டைக் களைய அந்நிறுவனமே 1982ஆம் ஆண்டில் வி.எச்.எஸ்.-சி. என்னும் சிறிய பேழையை வெளியிட்டது. இதன் நீளம் ஏறத்தாழ 9 செ.மீ.; அகலம் ஏறத்தாழ 6 செ.மீ. இதனைக் குறும்பேழை எனலாம். பேழை சிறுத்ததேயன்றி நாடா மாறவில்லை. அதே அரை அங்குல நாடாதான், அளவில் குறைவாகச் சுற்றப்பட்டிருந்தது. நம் நாட்டு முறையில் ஒரு குறும்பேழை பெரும்பாலும் 30 அல்லது 45 நிமிடம் ஓடும். நெடுநேர முறையில் பதிந்தால் அதன் இரு மடங்கு.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். கையடக்கக் கருவி பதிந்ததைப் பெருங்கருவி எவ்வாறு பிழையின்றிப் படிக்கிறது? வி.சி.ஆருக்குள் 62 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்று நொடிக்கு 25 முறை சுழல்கிறது. அதன் சுற்றளவில் ஏறத்தாழப் பாதியை நாடா தழுவிச் செல்கிறது. உருளையில் பதிந்துள்ள காந்தமுனைகள் நாடாவின் குறுக்கே சாய்கோடுகளாகப் படத்தைப் படிக்கின்றன. கேம்கார்டரில் இவ்வளவு பெரிய உருளைக்கு இடமில்லை. ஆகவே அதில் மூன்றில் இரு பங்கு அளவில், ஏறத்தாழ 41 மி.மீ. விட்டமுள்ள உருளை அமைக்கப்பெற்றது. அது ஒன்றரை மடங்கு விரைவாகச் சுழல்கிறது. அதன் சுற்றளவில் முக்கால் பங்கை நாடா தழுவுகிறது. பெரிய உருளையின் அரைச் சுற்றும் சிறிய உருளையின் முக்காற் சுற்றும் ஏறத்தாழ 97 மி.மீ. என ஒத்து நிற்பதைக் கணக்கிட்டுக் காணலாம். எழுதுகோல் வேறாயினும் எழுத்தின் அளவு ஒன்றே. எனவேதான் ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க முடிகிறது.

பொருத்துப்பேழை இயங்கும் விதம்

நாடா ஒன்றாயினும் பேழையின் உடல் சிறியது, வி.சி.ஆரின் வாயிலோ பெரியது. இவ்விரண்டையும் இணைப்பதே அடாப்டர். தமிழில் இதனைப் பொருத்துப்பேழை எனலாம். வெளித்தோற்றத்தில் இது முழு அளவு வீடியோ கேசட்டே. நடுவில் குறும்பேழை அமர்வதற்கான குழி ஒன்றும் அதனை மூடும் கதவு ஒன்றும் இருக்கும்.

குறும்பேழையைக் குழியில் வைத்துக் கதவை மூடியதும், உள்ளிருக்கும் சிறு மோட்டார் இயங்கி, நாடாவை மெல்ல வெளியே இழுத்து, பொருத்துப்பேழையின் முன்விளிம்பு நெடுகிலும் நீட்டி நிறுத்துகிறது. இதற்கு ஆற்றல் தருவது ஒரே ஒரு பென்சில் செல். மோட்டாரின்றிக் கதவை மூடும் விசையாலேயே நாடாவை நீட்டும் வகையும் உண்டு. இந்நிலையில் வி.சி.ஆரின் நோக்கில் அது முழு அளவு கேசட்டே. ஓடும்போது ஒரு சுருளை வி.சி.ஆரின் அச்சு நேரே சுழற்றுகிறது. மற்றச் சுருளின் விளிம்பிலுள்ள பற்களைப் பொருத்துப்பேழையின் பற்சக்கரம் சுழற்றுகிறது.

இதிலிருந்து இரு செய்திகள் பெறப்படும். முதலாவது, செல்லின் வேலை நாடாவை நீட்டுவதும் மீட்பதுமே. படம் ஓடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டாவது, செல் வலுவிழந்தால் நீட்டிய நாடா உள்ளே திரும்பாது. அப்போது கதவை நெம்பித் திறப்போர் நாடாவை மடித்தும் அறுத்தும் விடுகின்றனர். புதிய செல்லை இட்டு, நாடா முற்றும் உள்ளே சென்ற ஓசை அடங்கிய பின்னரே கதவைத் திறத்தல் வேண்டும். வேலை முடிந்ததும் செல்லை வெளியே எடுத்துவிடுவது நன்று. பல்லாண்டுகள் உள்ளே கிடந்த செல் கசிந்து உலோக முனைகளை அரித்த பொருத்துப்பேழைகள் மிகப் பல.

இனங்காணல்

இத்துறையில் மக்களிடம் பரவியுள்ள பெரும் மயக்கம் ஒன்று உண்டு. கேம்கார்டர் நாடா எதுவாயினும் பொருத்துப்பேழையில் ஓடும் என்பதே அது. இது முற்றிலும் தவறு.

சோனி முதலிய நிறுவனங்கள் 1985 முதல் விற்பனைக்குக் கொணர்ந்த வீடியோ 8 என்னும் பேழையும் ஏறத்தாழக் குறும்பேழையின் நீள அகலமே உடையது. ஆனால் அதன் நாடா 8 மி.மீ. அகலமே கொண்டது; பதிவு முறையும் வேறு. அதனை வி.எச்.எஸ். கருவியில் ஓட்டும் பொருத்துப்பேழை எதுவும் இல்லை, அமைக்கவும் இயலாது. பின்னர் வந்த ஹை 8 நாடாவுக்கும், 1995இல் தோன்றிய மினி டி.வி. நாடாவுக்கும் இது பொருந்தும். இவற்றைக் குழிக்குள் வலிந்து திணித்தால் பேழையும் கெடும்; பொருத்துப்பேழையும் கெடும்.

ஆகவே முதற்கண் பேழையின் மேல் உள்ள முத்திரையை நோக்குக. வி.எச்.எஸ்.-சி. எனப் பொறித்திருந்தால் மட்டுமே மேற்செல்லலாம். 8 மி.மீ. நாடாவாயின் அதே வகைக் கேம்கார்டரைத் தேடிப் பெற்று, அதிலிருந்து கம்பி வழியே பெயர்த்தல் வேண்டும். எஸ்-வி.எச்.எஸ்.-சி. என்றிருந்தால், அதில் உயர்முறையில் பதிந்த படம் பொது வி.சி.ஆரில் தெளிவாக வராது, எஸ்-வி.எச்.எஸ். கருவி தேவை.

நாட்டு முறையும் கருதத்தக்கது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றில் பால் முறை வழங்கியது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்.டி.எஸ்.சி. முறை. அந்நாடுகளில் வாங்கிய கேமராவில் பதிந்ததை ஓட்டப் பன்முறை வி.சி.ஆர். வேண்டும்.

ஓட்டுவதற்கு முன்

நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்று நாடாவுக்குப் பகை. பேழையின் கண்ணாடிச் சாளரம் வழியே நோக்கும்போது சுருளின் விளிம்பில் வெண்பொடி போன்றது படிந்திருப்பின் அது பூஞ்சை. அத்தகைய நாடாவை ஓட்டுதல் கூடாது. ஓட்டினால் காந்தமுனைகளில் பூஞ்சை ஒட்டி, அடுத்து ஓடும் நாடாக்களையும் தொற்றும். அதனைத் தூய்மை செய்வது பயிற்சி பெற்றவர் செய்யவேண்டிய பணி.

நன்னிலையில் உள்ள நாடாவையும் எடுத்தவுடன் ஓட்டலாகாது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொணர்ந்த நாடாவில் நுண்ணிய நீர்த்திவலை படியும். அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். அடுத்து, பேழையின் விளிம்பிலுள்ள பதிவுத் தடுப்பை நகர்த்தி அல்லது நீக்கி, தவறுதலாக வேறு காட்சி அதன்மேல் பதியாதவாறு காத்துக்கொள்க. பின்னர் நாடாவை ஒருமுறை இறுதிவரை முன்னோக்கிச் சுற்றி மீண்டும் பின்னோக்கிச் சுற்றினால் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் நெகிழும். வி.சி.ஆரைத் தேவையற்ற ஒரு கேசட்டால் முதலில் சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை. அரிய நாடாவைக் கொண்டு கருவியைச் சோதித்தல் ஆகாது.

பெயர்த்தெடுத்தல்

வி.சி.ஆரின் பின்புறத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துளைகள் உள்ளன. மஞ்சள் படத்துக்கும் மற்றவை ஒலிக்கும் உரியன. ஒலிக்கு ஒரே துளையுள்ள கருவிகளும் உண்டு. இவற்றிலிருந்து வரும் கம்பிகளை வீடியோ கேப்சர் எனப்படும் சிறு கருவியில் செருகி, அதனைக் கணிப்பொறியின் யு.எஸ்.பி. வாயிலில் இணைத்தல் வேண்டும். மென்பொருளில் பால் முறையைத் தேர்ந்தெடுத்து, படத்தின் அளவை 720க்கு 576 புள்ளிகள் எனவும் நொடிக்கு 25 சட்டங்கள் எனவும் அமைக்க வேண்டும். இதனினும் பெரிய அளவில் பதிவதால் நாடாவில் இல்லாத தெளிவு வந்துவிடாது.

இப்பணியில் குறுக்குவழி இல்லை. 45 நிமிட நாடாவைப் பெயர்க்க 45 நிமிடம் ஆகும். டி.வி. முறையில் சேமித்தால் ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் வேண்டும். இடம் போதாதெனில் அதனினும் சுருக்கிய முறைகளும் உண்டு. படத்தின் அடியில் கோடுகள் துள்ளினால் வி.சி.ஆரின் டிராக்கிங் அமைப்பைத் திருத்துக. வி.சி.ஆர். கிடைக்கவில்லையெனில், பழைய கேம்கார்டர் இன்னும் இயங்குமாயின் அதிலிருந்தே கம்பி வழியே பெயர்க்கலாம். அப்போது பொருத்துப்பேழையே தேவையில்லை.

பெயர்த்தெடுத்த கோப்பினை ஒரே இடத்தில் வைத்தல் கூடாது. கணிப்பொறியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறோர் இல்லத்தில் ஒன்று என மூன்று படிகள் இருத்தல் நலம். பெயர்த்த பின்னரும் மூல நாடாவை எறிந்துவிடலாகாது.

காலத்தின் நெருக்கடி

உலகில் வி.சி.ஆர். தயாரித்துவந்த இறுதி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் அத்தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. அதன்பின் நாம் கையாள்வன எல்லாம் பழங்கருவிகளே. உதிரிப் பாகமும் பழுது பார்க்கத் தெரிந்தவரும் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். நாடாவிலுள்ள காந்தத் துகள்களைப் பிணைக்கும் பசையும் ஈரத்தை உறிஞ்சி நெகிழ்ந்து வருகிறது. யுனெஸ்கோ 2019இல் காந்த நாடாக்களின் நிலை குறித்து உலகளாவிய எச்சரிக்கைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியதும் இது பற்றியே.

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் மறைந்த பெரியவர் ஒருவரின் குரல் ஒரே ஒரு குறும்பேழையில்தான் எஞ்சியிருந்தது. கடற்கரையில் நின்று, வலையில் வந்த மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிப் பேரனுக்குப் பெயர் சொல்லித் தருகிறார். காரல், கிழங்கான் என நாம் அறிந்தவற்றோடு, இன்று அவ்வூர் இளைஞர் அறியாத பெயர்களும் அவர் வாயில் வருகின்றன. அக்குடும்பத்தார்க்கு அது தந்தையின் குரல். தமிழ் பயில்வோர்க்கு அது வட்டார வழக்கின் சான்று. தாலாட்டு, திருமணப் பாட்டு, மூத்த பெண்டிரின் பழமொழிப் பேச்சு முதலியன இவ்வாறே அலமாரிகளில் அடங்கிக் கிடக்கக்கூடும்.

நாடாவினும் விரைந்து மறையும் செல்வம் ஒன்றுண்டு. அது, படத்தில் இருப்போர் இன்னார் எனச் சொல்லவல்ல மூத்தோரின் நினைவு. பேரும் ஊரும் நாளும் அறியப்படாத படம், முகப்பேடு இழந்த சுவடியை ஒக்கும். ஆகவே பெயர்த்த படத்தை வீட்டுப் பெரியோர்முன் ஓட்டி, இத்தனையாவது நிமிடத்தில் வருபவர் இன்னார், இன்ன முறையினர், இடம் இது, ஆண்டு இது எனக் கேட்டெழுதி வைத்தல் வேண்டும். மாணவர்கள் ஒரு விடுமுறையில் செய்து முடிக்கத்தக்க பணி இது.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. அந்நாளில் வீட்டார் மட்டும் காண்பர் என்ற நம்பிக்கையிலேயே பலர், குறிப்பாகப் பெண்டிர், அப்படங்களில் இடம்பெற இசைந்தனர். இன்று அதனைக் கைப்பேசி வழியே ஊரறியப் பரப்புவது அந்நம்பிக்கையைச் சிதைப்பதாகும். உரியவரின் இசைவு பெற்ற பின்னரே பிறர்க்குக் காட்டுதல் முறை.

முடிவுரை

பேழையின் வகையை இனங்காணல், பூஞ்சையும் ஈரமும் இல்லாமை அறிதல், பொருத்துப்பேழையைப் பொறுமையுடன் கையாளல், பெயர்த்ததைப் பல படிகளாகக் காத்தல், பெயரும் நாளும் எழுதி வைத்தல் ஆகிய ஐந்தும் இப்பணியின் படிநிலைகள். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. சில நாள் உழைப்பும் கருத்தும் போதும். கருவி ஒன்றேனும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, சொல்லித் தருவதற்கு மூத்தோர் நம்மோடு இருக்கும்போதே, ஒவ்வோர் இல்லத்திலும் உள்ள குறும்பேழைகளைக் கீழே இறக்கிப் பார்ப்போமாக.