படுக்கை விரிப்பும் இல்லத்தரசியின் இளைப்பாறலும்

படுக்கை விரிப்பு வாங்கக் கடைக்குச் செல்லும் நாம் எவற்றையெல்லாம் பார்க்கிறோம்? நிறத்தைப் பார்க்கிறோம், பூ வேலைப்பாட்டைப் பார்க்கிறோம், விலையை இரண்டு முறை கேட்கிறோம். ஆனால், இதனை வாரந்தோறும் துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்து வைக்கப் போகிறவர் யார் என்ற கேள்வி நம் நினைவுக்கு வருவதே இல்லை. பெரும்பாலான இல்லங்களில் அதற்கு விடை ஒன்றுதான்: அந்த வீட்டின் தாய். ஆகவே, எளிதில் தேய்க்கத்தக்க விரிப்பைத் தேர்ந்தெடுப்பது குடும்ப அன்பைச் சேர்ந்த ஒரு காரியம் என்றே நாம் கருதுகிறோம்.

ஒரு சிறு கணக்கு

இருவர் படுக்கும் கட்டிலுக்கான விரிப்பு ஏறத்தாழ 90 அங்குல அகலமும் 100 அங்குல நீளமும் கொண்டது. அதன் பரப்பு 62½ சதுர அடி. வீட்டில் இரண்டு கட்டில்கள் இருந்து, வாரம் ஒருமுறை விரிப்பை மாற்றினால் 125 சதுர அடி. ஆண்டின் 52 வாரங்களுக்கும் கூட்டிப் பார்த்தால் 6,500 சதுர அடி! ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி என்பதை நாம் அறிவோம். அப்படியானால், விரிப்புகளை மட்டும் தேய்க்கின்ற ஒரு தாய் ஆண்டுக்கு இரண்டரைக் கிரவுண்டுக்கும் அதிகமான பரப்பின்மீது இஸ்திரிப்பெட்டியைத் தள்ளுகிறார். தலையணை உறைகளும், பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளும், கணவரின் சட்டைகளும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

பழைய மாமல்லபுரம் சாலையில், கேளம்பாக்கத்தை அடுத்த படூர் போன்ற ஊர்களில் இச்சுமை இன்னும் சற்றுக் கூடுதல். வயலும் தோப்புமாக இருந்த இடங்களில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. முற்றத்தில் நீளக் கயிறு கட்டித் துணி உலர்த்திய காலம் போய், குறுகிய பால்கனியில் நான்காக மடித்து உலர்த்தும் காலம் வந்துவிட்டது. மடித்து உலர்த்திய துணி அந்த மடிப்போடேயே காய்கிறது. கடலும் உப்பங்கழியும் அருகிலேயே இருப்பதால் காற்றில் ஈரமும் மிகுதி. ஜூலை 16ஆம் நாள் கார்மேல் அன்னையின் திருநாள். அதற்குக் கோவளம் ஆலயத்துக்கு வரும் உறவினர்கள் வீட்டில் தங்கினாலோ, ஒரே நாளில் நான்கைந்து விரிப்புகள் சேர்ந்துவிடும்.

துணி ஏன் சுருங்குகிறது?

பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மெல்லிய பிணைப்புகளால் கட்டுண்டிருக்கின்றன. துணி நனையும்போது நீர் அப்பிணைப்புகளைத் தளர்த்துகிறது. கசங்கிய நிலையிலேயே துணி உலர்ந்தால், பிணைப்புகள் அந்தக் கசங்கிய நிலையிலேயே மீண்டும் இறுகுகின்றன. இதுவே சுருக்கம். இஸ்திரிப்பெட்டி செய்வதும் இதே வேலைதான்: ஈரத்தாலும் வெப்பத்தாலும் பிணைப்புகளைத் தளர்த்தி, துணியைத் தட்டையாக்கி உலர்த்துகிறது. ஆகவே, ஈரத்துணியைத் தட்டையாக உலர்த்தினாலே பாதித் தேய்ப்பு முடிந்துவிட்டது எனலாம்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று செயற்கை இழையை நாடுவோர் உண்டு. பாலியெஸ்டர் இழையை 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இரு வேதியியலார் உருவாக்கினர். நம் நாட்டில் டெரிலீன் என்றும் டெரிகாட்டன் என்றும் அது வீடுதோறும் புகுந்ததை மூத்த வாசகர்கள் அறிவர். அது சுருங்குவதில்லை, உண்மை. ஆனால், பருத்தி தன் எடையில் நூற்றுக்கு 8 பங்கு அளவு ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்று வைத்துக்கொள்ளும்போது, பாலியெஸ்டர் அரைப் பங்குகூட ஏற்பதில்லை. வியர்வை உடலோடு ஒட்டிக்கொள்ளும். சித்திரை மாதத்து இரவில் மின்சாரம் நின்றுபோனால், அந்த விரிப்பில் படுத்திருக்கும் குழந்தை தூங்குமா?

பருத்தியையே சுருங்காமல் செய்யும் முறையும் உண்டு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரூத் பெனெரிட்டோ என்னும் பெண் விஞ்ஞானி, 1950களில் இத்துறையில் பெரும்பணி ஆற்றினார், 2013இல் மறைந்தார். செல்லுலோஸ் மூலக்கூறுகளை வேதிப்பொருளால் குறுக்கே பிணைத்துவிட்டால் அவை இடம் பெயர்வதில்லை. எனினும் இவ்வாறு பதப்படுத்திய துணியின் வலிமை சற்றுக் குறைகிறது. பதப்படுத்தும் முறைகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு பயன்படுகிறது. அத்தகைய விரிப்பை வாங்கினால் ஒருமுறை நன்றாகத் துவைத்த பின்னரே, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, விரிக்க வேண்டும்.

எதை வாங்கலாம்?

நம் கடற்கரைப் பகுதிக்குப் பருத்தியே உகந்தது. பருத்தியிலும் சுருக்கம் தெரியாத வகைகள் பல உண்டு.

முதலாவது, சற்றுத் தடித்த நூலால் நெய்த கைத்தறி விரிப்பு. ஈரோட்டை அடுத்த சென்னிமலை இதற்குப் பெயர் பெற்ற ஊர். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் விற்பனை நிலையங்களிலும் கைத்தறி விரிப்புகளைக் காணலாம். மெல்லிய ஆலைத்துணியில் ஒவ்வொரு கோடும் கண்ணில் படும். தடித்த நெசவில், அதிலும் கட்டமும் பட்டையும் போட்ட நெசவில், அவை மறைந்துவிடும். பவானி ஜமக்காளத்தை யாரேனும் தேய்த்ததுண்டா?

இரண்டாவது, சீர்சக்கர் என்னும் துணி. இது நெய்யும்போதே பட்டை பட்டையாகச் சுருக்கம் விடப்பட்டது. பாலும் சர்க்கரையும் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது: பால்போல் மழமழப்பான ஒரு பட்டை, சர்க்கரைபோல் சொரசொரப்பான ஒரு பட்டை. சுருக்கமே அதன் அழகாதலால் தேய்க்க வேண்டிய தேவையே இல்லை. உடலோடு ஒட்டாமல் காற்றுக்கும் இடம் விடும்.

மூன்றாவது, பனியன் துணியைப் போன்ற பின்னல் விரிப்பு. இழைகள் வளையம் வளையமாகக் கோத்திருப்பதால், கசக்கினாலும் மீண்டுவிடும். நான்காவது, பருத்தி மிகுந்து பாலியெஸ்டர் குறைந்த கலப்புத் துணி. இதனை இரண்டு புள்ளி அடையாளமிட்ட மிதமான சூட்டில், அதாவது 150 டிகிரிக்கு மேற்படாமல், தேய்க்க வேண்டும். மூன்று புள்ளிச் சூடு தூய பருத்திக்கே உரியது.

கடையில் ஒரு சோதனை செய்யலாம். கடைக்காரரின் இசைவோடு விரிப்பின் ஒரு மூலையை உள்ளங்கையில் இறுகப் பற்றி, பத்து எண்ணிவிட்டு விடுங்கள். கோடுகள் அப்படியே நின்றால் அது உங்கள் உழைப்பைக் கேட்கும் துணி. பிறகு துணியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால், மொடமொடப்புக்குக் காரணம் கஞ்சியே; முதல் சலவையோடு அது போய்விடும்.

உலர்த்துவதில் உள்ள நுட்பம்

துவைக்கும் இயந்திரத்தில் விரிப்பை நெடுநேரம் பிழியவிட வேண்டாம். எடுத்தவுடன் இருவர் இரு முனைகளையும் பிடித்து இரண்டு மூன்று முறை நன்றாக உதறுங்கள். ஓரங்களை நேராக இழுத்து, கூடியவரை மடிப்பின்றிக் கயிற்றில் போடுங்கள். சிறிதளவு ஈரம் இருக்கும்போதே எடுத்து, கையால் நீவி, உடனே கட்டிலில் விரித்துவிடலாம். மின்விசிறிக் காற்றில் எஞ்சிய ஈரமும் போய்விடும். பெட்டியில் மடித்து வைப்பதாயின் முற்றிலும் உலர்ந்த பிறகே வைக்க வேண்டும். இல்லையேல் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிக்கும்.

உதறுவதற்கு இருவர் வேண்டும் என்றோம். அந்த இரண்டாமவர் கணவராகவோ மகனாகவோ இருக்கட்டும். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் இஸ்திரிப்பெட்டியின் முன் நிற்கும் நேரத்தை அது பெரிதும் குறைக்கும். தெருவில் வண்டி வைத்துத் தேய்ப்பவரிடம் கொடுப்போரும் ஒன்றை எண்ண வேண்டும். பல கிலோ எடையுள்ள கரிப்பெட்டியை 62½ சதுர அடிக்கும் இழுப்பவர் அவர். ஒரு சட்டைக்குத் தரும் கூலியை விரிப்புக்கும் தந்து முடித்துக்கொள்வது நியாயமாகாது.

எதற்குத் தேய்ப்பு?

தேய்ப்புக்குரிய மதிப்பு நம் ஆலயங்களில் உண்டு. திருப்பலியில் பயன்படும் திருமேனித் துகிலைக் கருத்தோடு துவைத்து, ஈரப்பதத்தில் தேய்த்து, ஒன்பது சதுரங்களாக மடித்து வைப்பது திருச்சபையில் நெடுநாளைய வழக்கம். மரபாக அது ஆளிச் செடியின் நாரால் நெய்த லினன் துணி. எளிதில் கசங்கும் அத்துணியைப் பொறுமையோடு தேய்க்கும் கன்னியரும் பங்குப் பெண்களும் அதனை ஒரு வழிபாடாகவே செய்கின்றனர். அந்தக் கவனம் பீடத்துக்கு உரியது. இரவில் படுத்து எழுந்தவுடன் கசங்கிவிடும் விரிப்புக்கு அதே உழைப்பைக் கொடுக்கத்தான் வேண்டுமா?

நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரம் போற்றும் இல்லத்தரசி, தனக்கு வேண்டிய விரிப்புகளைத் தானே ஆக்கிக்கொள்பவள். அவளுடைய திறமையைப் புகழும் நாம், அவள் களைப்பையும் காண வேண்டாமா? மார்த்தா பல வேலைகளால் பரபரப்படைந்தபோது, ஆண்டவர் அவளைக் கனிவோடு அழைத்துத் தேவையானதை நினைவூட்டினார் என லூக்கா எழுதுகிறார்.

விருந்தினர் வந்தால், சுத்தமாகத் துவைத்து வெயிலில் காய்ந்த விரிப்பே போதும். அதில் இரண்டு கோடுகள் தெரிந்தால் குடும்ப மானம் போய்விடாது. மாலையில் இஸ்திரிப்பெட்டியோடு கழியும் ஒரு மணி நேரம் மிஞ்சினால், அந்தத் தாய் பிள்ளைகளோடு அமர்ந்து செபமாலை சொல்லலாம். ஒரு புத்தகம் படிக்கலாம். அல்லது ஒன்றும் செய்யாமல் சற்றே படுத்திருக்கலாம். அடுத்த முறை கடையில் விரிப்பை விரித்துக் காட்டும்போது, நிறத்தையும் விலையையும் கேட்ட பின், அதனைத் தேய்க்கப் போகும் கைகளையும் நினைத்துப் பார்ப்போமாக.