நாடிழந்தவரின் பெயரில் ஒரு மலை

நான் நோர்த்மீட்டில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன். 2012 இல் படகில் வந்தவன். சாதாரண தரம் வரைதான் படித்தேன். எழுத்தில் பிழையிருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எங்களோடு வேலை செய்து ஓய்வுபெற்ற போலந்துக்காரப் பெரியவர் ஒருவர்தான் இந்த மலையைப் பற்றி முதலில் சொன்னார். அவருடைய தகப்பன் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அகதியாக வந்து, ஸ்னோவி மலை நீர்மின் திட்டத்தில் சுரங்கம் வெட்டியவர். 1949 இல் தொடங்கி 1974 இல் முடிந்த அந்த வேலையில் முப்பதுக்கு மேற்பட்ட நாட்டவர், ஒரு இலட்சம் பேர் உழைத்தார்கள். 121 பேர் உயிரிழந்தார்கள்.

கொசியஸ்கோ மலையின் உயரம் 2228 மீற்றர். அவுஸ்திரேலியப் பெருநிலப்பரப்பில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. ஆதிக்குடிகள் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கோடையில் போகொங் அந்துப்பூச்சி பிடித்துண்ண இந்த மலைகளுக்கு வந்து போயிருக்கிறார்கள். 1840 இல் வந்த போலந்து ஆய்வாளர் ஸ்ட்ரெஸ்லெக்கி, 1794 இல் தம் நாட்டு விடுதலைக்காகப் போராடித் தோற்ற தளபதி கொசியஸ்கோவின் பெயரை இதற்கு வைத்தார். அந்தத் தளபதி 1817 இல் கண்மூடியது சுவிற்சர்லாந்தில்.

நத்தார் விடுமுறைக்குத் தொழிற்சாலை பூட்டியதும் மனைவி, மகனோடு புறப்பட்டேன். காரில் ஆறு மணித்தியாலம். திரெட்போவில் கதிரை லிப்ற்றில் ஏறி மேலே இறங்கினால், போகவர 13 கிலோமீற்றர் நடை. செடிகள் மிதிபடாமலிருக்க இரும்புத் தட்டுப் பாதை போட்டிருக்கிறார்கள்.

முக்கால்வாசி நடந்தபோது முகில் மூடியது. குளிர்காற்று. மகனுக்கு மெல்லிய சட்டைதான்.

"திரும்புவம், பிள்ளை நடுங்கிறான்" என்றாள் மனைவி.

எனக்குப் பொல்லாத கோபம். இவ்வளவு தூரம் வந்து திரும்புவதா? ஊரில் எல்லாவற்றையும் விட்டுத் திரும்பிப் பாராமல் ஓடியவன் நான், இங்கேயும் பாதியிலா? மகனின் கையைப் பிடித்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. பேசாமல் திரும்பினேன். ஊரில் எங்களைத் துரத்தினார்கள். இங்கே திரும்பியது நானாக எடுத்த முடிவு. அந்த வித்தியாசம் இறங்கும்போதுதான் விளங்கியது.

அடுத்த வருடம் மறுபடியும் போனோம். றொட்டியும் கட்டைச் சம்பலும், கம்பளிச் சட்டை, மழைச் சட்டை, தண்ணீர் எல்லாம் கொண்டு விடியவே தொடங்கினோம். உச்சியில் நின்று மகன் கேட்டான்:

"அப்பா, உங்கட ஊரில இவ்வளவு பெரிய மலை இருக்கா?"

"சிவனொளிபாதமலை இருக்கு. 2243 மீற்றர். இதைவிட 15 மீற்றர் கூட."

அவன் சிரித்தான். எனக்குக் கண் கலங்கியது.

போகிறவர்களுக்கு ஒரு சொல்: கோடையிலும் அங்கே பனி கொட்டலாம். தடித்த உடுப்பில்லாமல் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். கடைசி லிப்ற் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு நடவுங்கள். முகில் மூடினால் திரும்பி வாருங்கள். மலை அங்கேதான் நிற்கும்.