நந்தினியின் பக்கம் யார்?

தாம்பரத்திலும் அதைச் சூழ்ந்த சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் முதலிய ஊர்களிலும் வளர்ந்துவரும் இளம் பெண்கள் 'பொன்னியின் செல்வன்' பற்றிப் பேச உட்கார்ந்தால், பேச்சு வந்தியத்தேவனிடத்திலோ அருள்மொழிவர்மனிடத்திலோ வெகு நேரம் தங்குவதில்லை. நந்தினி செய்தது நியாயமா, குந்தவையின் போக்கு ராஜதந்திரமா பிடிவாதமா, பூங்குழலி கடைசியில் பட்டமகிஷியானது அவளுக்கு வெற்றியா என்ற மூன்று வினாக்களைச் சுற்றியே விவாதம் மூண்டு, பல சமயங்களில் தோழிகளுக்குள் மனத்தாங்கல் உண்டாகும் அளவுக்கும் போய்விடுகிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன் வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை ஒன்று, கைப்பேசியில் உலகம் முழுவதையும் காணும் இன்றைய பெண்களிடையே இவ்வளவு உக்கிரமான கட்சிகளைத் தோற்றுவிப்பது சாமானிய விஷயமன்று. இந்தக் கட்சிப் பேச்சைக் கவனித்துக் கேட்டால் அந்த நாவலின் உண்மையான பலம் எங்கே இருக்கிறதென்பது புலப்படும் என்பது என் அபிப்பிராயம்.

ஆங்கிலத்தில் பதின்ம வயதினருக்கென்றே தனியாக ஓர் இலக்கியப் பிரிவு வளர்ந்திருக்கிறது. 1997-இல் வெளிவந்த முதல் 'ஹாரி பாட்டர்' நூலின் ஹெர்மயனியும், 2008-இல் வெளிவந்த 'ஹங்கர் கேம்ஸ்' நாவலின் காட்னிஸும் இப்பகுதிப் பள்ளி மாணவிகளுக்கு நன்கு பரிச்சயமானவர்கள். வில்லேந்தி நிற்கும் கதாநாயகியைக் கண்டு வியந்த கண்களோடு இவர்கள் 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கியினிடத்தில் வருகிறார்கள். வந்த பின்பு, கொந்தளிக்கும் கடலில் தனியே படகு செலுத்தும் ஒருத்தியையும், பழிவாங்கும் வைராக்கியத்தை நெஞ்சில் அடைகாத்துக்கொண்டு ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிவைக்கும் ஒருத்தியையும், பழையாறை அரண்மனையில் அமர்ந்தபடியே சிம்மாசனத்தின் போக்கை நிர்ணயிக்க முற்படும் ஒருத்தியையும் தமிழிலேயே கண்டு, இவர்களைப் பற்றி நமக்கு ஏன் முன்பே யாரும் சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் ஆச்சரியமும் உண்டு. கொஞ்சம் கோபமும் உண்டு.

இத்தனைக்கும் அந்தக் கதையுலகம் இவர்கள் வாசலிலிருந்து தொலைவில் இல்லை. சேலையூரைத் தாண்டினால் வரும் மாடம்பாக்கத்தில், யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாட விமானத்தோடு விளங்கும் தேனுபுரீசுவரர் ஆலயம், குந்தவையின் தந்தையாகிய சுந்தர சோழரின் காலத்தது என்று சொல்லப்படுகிறது. தாம்பரத்திற்கு மேற்கே உள்ள மணிமங்கலமோ, பல்லவ நரசிம்மவர்மன் சளுக்கிய புலகேசியை வென்ற களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேட்டில் இடம்பெற்ற ஊர். வாதாபி அழியும் வரை அந்நகரை விட்டு வெளியேறுவதில்லை என்று சபதம் செய்த பெண்ணின் கதையாகிய, கல்கியின் 'சிவகாமியின் சபத'த்திலும் அந்த ஊர்ப் போர் வருகிறது. குந்தவையின் அண்ணன் ஆதித்த கரிகாலன் காஞ்சியிலிருந்து காத்துவந்த தொண்டை மண்டலத்தின் ஒரு பகுதிதான், இன்று அடுக்குமாடி வீடுகளும் மேம்பாலங்களும் நிறைந்த இந்தப் புறநகர்.

கல்கி வாரப் பத்திரிகையில் 1950-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கி 1954-ஆம் ஆண்டு மே மாதம் வரை, மூன்றரை ஆண்டு காலம், மணியம் அவர்களின் சித்திரங்களோடு இந்த நாவல் வெளிவந்தது. நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் சோழர் சரித்திரத்தைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு எழுதி வைத்திருந்த அஸ்திவாரத்தின் மீது கல்கி தம் கற்பனை மாளிகையை எழுப்பினார். வாரந்தோறும் பத்திரிகை வந்தவுடன் ஒருவர் உரக்கப் படிக்க வீட்டார் எல்லோரும் சூழ்ந்திருந்து கேட்பதும், அத்தியாயங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்துக்கொள்வதும் அந்நாளைய வழக்கங்கள். புறநகர் வீடுகள் சிலவற்றில், பாட்டியின் பெயரெழுதிய அத்தகைய பைண்டுப் புத்தகங்கள் இன்னமும் அலமாரியில் இருக்கின்றன. 1999-இல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகு, பதிப்பகத்தார் பலரும் மலிவுப் பதிப்புகளை வெளியிட, ஐந்து பாகங்களும் ஒரு மாணவி தன் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வாங்கக்கூடிய பொருளாயின. தமிழை இரண்டாம் பாடமாகக்கூடப் படிக்காத பெண்கள் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே இதே கதைக்குள் வருகிறார்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931 முதல் ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில், ஜன்னலோரம் இடம் கிடைத்தவள் 'சுழற்காற்'றிலோ 'கொலை வா'ளிலோ ஆழ்ந்திருப்பதை இப்போதும் காணலாம்.

நந்தினியைப் பற்றிய அபிப்பிராய பேதம் தலைமுறைகளுக்கு இடையே உள்ள பேதம். நான் கேட்டவரையில், மூத்த வாசகிகளில் பெரும்பாலோர் அவளை மோகினி என்றும் விஷப் பாம்பு என்றும் சொல்லி, தன் கணவரும் கிழவருமாகிய பெரிய பழுவேட்டரையரின் மதியை மயக்கி அவருடைய பெருங்குலத்தைச் சீர்குலைத்தவள் என்று முடித்துவிடுகிறார்கள். அவர்களுடைய பேத்திகளோ, அவ்வளவு சுலபமாக முடிக்க விடுவதில்லை. குழந்தைப் பருவத்தில் அரண்மனைக்கு அருகே வரவே தகுதியற்றவள் என்று விரட்டப்பட்டவள் அவள். தான் யாருடைய மகள் என்ற உண்மைகூட அவளிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தது. காயமுற்றுக் கிடந்த பாண்டிய மன்னன் வீரபாண்டியனைக் கொல்ல வேண்டாமென்று காலில் விழுந்து கெஞ்சியபோது, ஆதித்த கரிகாலன் அவள் கண்ணெதிரிலேயே அவன் தலையை வெட்டினான். இவ்வளவையும் ஒருத்திக்கு இழைத்துவிட்டு, அவள் பாண்டியனின் மெய்க்காவலராகிய ஆபத்துதவிகளோடு சேர்ந்து வாளைப் பூஜித்தாள் என்பதை மட்டும் குற்றமாக எடுத்துக்காட்டுவது என்ன நியாயம் என்று அவர்கள் கேட்கிறார்கள். குந்தவைக்குப் பிறப்பால் கிடைத்த அதிகாரத்தை நந்தினி தன் அறிவாலும் அழகாலும் அடைய முயன்றாள், ஆகவே ஒருத்தி தேவியாகவும் மற்றொருத்தி சூனியக்காரியாகவும் கருதப்படுகிறாள் என்று கல்லூரி மாணவி ஒருத்தி சொன்னதை எளிதில் மறுத்துவிட என்னால் இயலவில்லை.

இதற்குப் பதிலாக மறு கட்சியார் சொல்வதும் வலிமையுள்ளதே. துன்பம் அடைந்தவர் செய்வதெல்லாம் தர்மமாகிவிடுமா? பெரிய பழுவேட்டரையர் அவளுக்கு என்ன தீங்கு செய்தார்? உடம்பில் அறுபத்து நான்கு போர்க்காயங்களைத் தாங்கிய அந்த வீரர், அவள் மீது வைத்த அன்புக்காக ஊராரின் பரிகாசத்தைச் சகித்தவர். அவரைக் கருவியாகப் பயன்படுத்திக்கொண்டதற்கு எந்தச் சமாதானமும் போதாது என்று அவர்கள் வாதிக்கிறார்கள். இரு கட்சியாருக்கும் கல்கி இடம் வைத்திருக்கிறார். கடம்பூர் மாளிகையில் கரிகாலன் மாண்ட அந்த இரவில் அவன் உயிரைக் குடித்த கை யாருடையது என்பதையும், நந்தினியின் பிறப்பைச் சூழ்ந்த மர்மத்தையும் முற்றிலும் துலக்கிவிடாமல், பல கதாபாத்திரங்களின் வாயிலாகப் பல விதமாகச் சொல்லவைத்து, முடிவை வாசகரிடமே அவர் ஒப்படைத்தார். உடையார்குடிக் கல்வெட்டு அந்தக் கொலையின் சம்பந்தமாக ரவிதாசன் முதலியோரின் பெயர்களைச் சொல்கிறது. அதில் நந்தினி இல்லை, ஏனெனில் அவள் முழுவதும் கல்கியின் சிருஷ்டி. சரித்திரத்தில் இல்லாத ஒருத்திக்காக வழக்காடுவதற்கு இத்தனை பேர் முன்வருகிறார்கள்!

குந்தவைக்கு இத்தனை வக்கீல்கள் தேவைப்படுவதில்லை. அவளை ஆராதிப்பவர்கள் ஏராளம். சற்றுச் சலிப்போடு பேசுபவர்களும் உண்டு. எப்போதும் சரியாகவே நடப்பவள்மீது இளம் வயதில் முழு அன்பு ஏற்படுவது சிரமம். தம்பி அருள்மொழிவர்மனின் வாழ்வையும் தோழி வானதியின் வாழ்வையும் தானே வகுத்து வைப்பவள் என்ற குறையும் அவள்மீது சொல்லப்படுகிறது. ஆனால் நாவலை மூடிவிட்டுச் சரித்திரத்திற்குள் நுழைந்தவர்கள் வேறு குந்தவையைக் கண்டு திரும்புகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் தன் தாய் தந்தையரின் திருவுருவங்களை எழுந்தருளுவித்துப் பொன்னும் அணிகலன்களும் வழங்கியவள். தஞ்சையில் தந்தையின் பெயரால் விளங்கிய ஆதுலர் சாலைக்கு நிவந்தங்கள் அளித்தவள். வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று கல்வெட்டில் குறிக்கப்பட்டவள். திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில், அந்நாளைய ராஜராஜபுரத்தில், சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரமும், திருமாலுக்குக் குந்தவை விண்ணகரமும், சமணர்களுக்குக் குந்தவை ஜினாலயமும் அவள் எடுப்பித்ததைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் அதே பெருஞ்சாலைதான் திண்டிவனத்திற்கும் போகிறது. காலையில் புறப்பட்டால் மாலைக்குள் பார்த்துத் திரும்பலாம். மூன்று சமயத்தாருக்கும் தன் பொருளைக் கொண்டு கோயில் எடுத்த ஒரு ராஜகுமாரியின் கம்பீரம் அங்கேதான் விளங்கும்.

வானதியைப் பற்றி இளைஞர்கள் அதிகம் பேசுவதில்லை. எதற்கெடுத்தாலும் மூர்ச்சையாகும் கொடும்பாளூர்ப் பெண்ணாகத் தொடங்கியவள், சோழ சிம்மாசனத்தில் ஒருநாளும் அமரமாட்டேன் என்று சபதம் செய்யும் இடத்தை அவர்கள் மறுபடி படிக்க வேண்டும்.

என் சொந்தத் தீர்ப்பு பூங்குழலிக்கே. கோடிக்கரையின் கலங்கரை விளக்கக் காவலர் மகளாகப் பிறந்து, குலப்பெருமையோ அரண்மனை ஆதரவோ இன்றி, கைத்துடுப்பையும் உடல் வலிமையையுமே நம்பி வாழ்கிறவள் அவள். புதைசேற்றில் சிக்கிய வந்தியத்தேவனைக் கரையேற்றுகிறாள். இரவில் சதுப்பு நிலத்தில் தோன்றி மறையும் கொள்ளிவாய்ப் பேய்களைத் தன் காதலர்கள் என்று சொல்லி அவனைத் திகைக்க வைக்கிறாள். அவனை ஈழத்துக்கு அழைத்துச் செல்கிறாள். நடுக்கடலில் உயிருக்குப் போராடும் அவனையும் அருள்மொழிவர்மனையும் மீட்கிறாள். தமிழ் நாவலில் அதற்கு முன் இப்படி ஒரு பெண் உலவியதாக எனக்குத் தெரியவில்லை. அச்சத்தையும் மடத்தையும் நாணத்தையும் பெண்ணின் ஆபரணங்களாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தின் வீடுகளுக்குள், வாரந்தோறும் இவளைக் கல்கி அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கையில் மனம் விம்முகிறது. உரக்கப் படித்த பெரியவரின் அருகே பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அமர்ந்திருந்த எத்தனை சிறுமிகள் அந்த இரவில் கனவில் படகு விட்டிருப்பார்கள்!

அவளுடைய முடிவைப் பற்றித்தான் இளம் வாசகிகளுக்குள் மிகக் கடுமையான சச்சரவு. பூக்குடலை சுமந்து சிவத்தொண்டு செய்துவந்த சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியாரின் மகன் என்று வெளிப்பட்டு, அவன் உத்தம சோழனாக முடிசூட, கடலின் பெண் அரண்மனைக்குள் போகிறாள். இது அவளைச் சிறைப்படுத்தியதாகும் என்கிறது ஒரு கட்சி. அவள் அமுதனைத் தேர்ந்தபோது அவன் எளிய பூக்காரன் என்றே அறிந்திருந்தாள், ஆகவே கிரீடம் அவளைத் தேடி வந்ததேயன்றி அவள் அதைத் தேடிப் போகவில்லை என்கிறது மற்றது. இரண்டாவது கட்சியின் வாதமே நாவலின் உட்பொருளுக்கு இசைந்தது என்று எண்ணுகிறேன். எனினும் முதல் கட்சியாரின் ஆற்றாமையும் எனக்குப் புரிகிறது. அலைகளின் இரைச்சலில் வளர்ந்தவளைப் பல்லக்கில் ஏற்றிப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

மணிரத்னம் இயக்கிய இரு திரைப்படங்கள் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வெளிவந்து, இந்த விவாதங்களைப் புத்தகம் படியாத வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தன. குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் படம் பார்த்துத் திரும்பிய தாய்மாரும் பெண்களும் வழியெல்லாம் நந்தினியைப் பற்றிப் பேசியது நல்ல காரியமே. ஐசுவர்யா ராய் நடித்த நந்தினி, பார்த்தவர்களுடைய அனுதாபத்தை முன்னெப்போதும் இல்லாத அளவு பெற்றுவிட்டாள். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. செம்பியன் மாதேவியாரின் மகனாக வளர்ந்த மதுராந்தகனே உத்தம சோழனாவதாகக் கதை மாற்றப்பட்டதால் அமுதனின் ரகசியமும் அதனோடு பூங்குழலியின் பட்டமும் போயின. வந்தியத்தேவன்மீது அன்பு வைத்து அவனுக்காகவே உயிர் தேயும் மணிமேகலை அடியோடு இல்லாமல் போனாள். ஐந்து பாகங்களை இரண்டு படங்களுக்குள் அடக்குகிறவருக்குள்ள நிர்ப்பந்தத்தை நான் உணர்கிறேன். ஆயினும் வெட்டுவதற்கென்று கத்தியை எடுத்தபோது அது முதலில் அரண்மனைக்கு வெளியே பிறந்தவள்மீதும், பலன் கருதாது அன்பு செய்தவள்மீதும் விழுந்தது வருத்தத்திற்குரியது. படத்தை மட்டும் கண்ட பெண்கள், பூங்குழலி யாரென்று இன்னும் அறியாதவர்களே.

வாசகரின் வாதம் கல்கியையும் விட்டு வைக்கவில்லை. நாவல் நிறைவடைந்தபோது, இன்னின்னாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் நிறுத்திவிட்டதாகப் பலர் குறைப்பட்டு எழுத, அவர்களுடைய வினாக்களை எடுத்துக்கொண்டு விடை கூறி அவர் ஒரு முடிவுரை எழுதினார். அது ஐந்தாம் பாகமாகிய 'தியாகச் சிகர'த்தின் கடைசியில் இன்றும் அச்சாகிறது. அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அவர் காலமானார். மேற்கொண்டு எழுதும் காரியத்தைப் பிற்கால எழுத்தாளர்கள் மேற்கொண்டார்கள். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் குந்தவையின் பின்வாழ்வைத் தொடர்ந்தார். பாலகுமாரன் 'உடையா'ரில் ராஜராஜனின் முதிர்ந்த காலத்தை எழுதினார். நாயகி என்ற பட்டம் குந்தவைக்குக் கிடைத்துவிட்டது. கோடிக்கரைப் பெண்ணைத் தலைவியாக வைத்து, உத்தம சோழனின் ராணியாக அவள் அரண்மனையில் கழித்த ஆண்டுகளைச் சொல்லும் நாவலை இந்தப் புறநகர்ப் பெண்களில் ஒருத்தி எழுத வேண்டுமென்பது என் விண்ணப்பம். முடிவைப் பற்றி அவ்வளவு கோபத்தோடு பேசுகிறவளுக்கு அதை எழுதும் உரிமையும் தகுதியும் ஏற்கனவே உண்டு.