சாவின் உருவமும் மனந்திரும்பும் குரலும்: புத்தளக் கரையை முன்வைத்து ஒரு குறிப்பு

சாவையும் மனந்திரும்புதலையும் சித்திரிக்கும் பழைய செதுக்கற் படங்களைச் சமய போதனையாக மட்டும் நோக்குவது போதாது. அவை யாருக்காகச் செதுக்கப்பட்டன என்ற வினாவே அவற்றின் சமூக உள்ளடக்கத்தைப் புலப்படுத்தும்.

1538இல் லியோன் நகரில் வெளியான ஹோல்பைனின் ‘மரண நடனம்’ இதற்குத் தக்க சான்று. எலும்புக்கூடாக வரும் சாவு போப்பாண்டவரையும் பேரரசனையும் எள்ளி நகையாடுகின்றது. உழவனிடத்திலோ அவனது ஏர்க் குதிரைகளை ஓட்ட முன்வருகின்றது. சாவு பொது என்ற கூற்றினுள்ளே, வாழ்வு பொதுவாக இல்லை என்ற கண்டனமும் உறைந்துள்ளது.

அதே மண்டையோடு ஒல்லாந்தருடன் இலங்கை வந்தபோது அதன் பணி மாறியது. காலி நகரின் ஒல்லாந்த தேவாலயக் கல்லறைகளில் அது பெயர்களுடனும் குலச்சின்னங்களுடனும் இடம்பெறுகின்றது. நிலையாமையை உரைத்த கல்லே அதிகாரத்தின் நிலைபேற்றையும் அறிவித்தது.

புத்தளக் கரையில் அவ்வதிகாரத்தின் அரண், 1667 – 1676 காலத்தில் எழுந்த கற்பிட்டிக் கோட்டை. கண்டி இராச்சியத்தின் கடல்வழி வணிகத்தைக் கட்டுப்படுத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடமளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமென ஒல்லாந்தர் 1658இலேயே பிரகடனம் செய்திருந்தனர். இச்சூழலில், 1705இல் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் கிறிஸ்துவின் பாடுகளை ‘வியாகுலப் பிரசங்க’மாகத் தமிழில் எழுதினார்.

1730களில் கொழும்பில் நிறுவப்பட்ட அச்சகம் கம்பனியின் கையில் இருந்தது. அடிகளின் ஆக்கங்கள் ஓலையில் பரவின. ஓலை எழுத்தும் ஒரு செதுக்கலே: எழுத்தாணி கீறிய கோட்டில் மை தடவித் துடைத்தால் எழுத்துத் துலங்கும். செப்புத் தகட்டின் நுட்பமும் அடிப்படையில் இதுவே. ஆயின் தகடு பல படிகளைத் தரும். ஓலையைப் பலரிடம் சேர்ப்பது வாசிப்பவர் குரல். ஆகவே சாவின் உருவம் இங்கே கண்ணுக்கன்றிச் செவிக்குத் தீட்டப்பட்டது. தனிமனிதரின் கல்லாகவன்றிக் கூட்டத்தின் ஒப்பாரியாக வாழ்ந்தது.

இதனை இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. துன்பத்தின் வேரைப் பாவத்திற் காணும் இலக்கியம், வறுமையின் சமூகக் காரணங்களை மறைக்கவே செய்யும். எனினும் தடைசெய்யப்பட்டதொரு சமூகம் ஒன்றுகூடி அழுததே ஓர் எதிர்ப்பாகும். இம்முரண்பாட்டின் இரு முனைகளையும் சேர்த்துக் காண்பதே வரலாற்று நோக்கு.

அடிகள் 1742இல் பொலவத்தையில் காலமானார். சிலாபக் கரையில் தமிழ் பேசிய கத்தோலிக்கக் கிராமங்கள் பல பின்னர் சிங்களத்துக்கு மாறின. ஒல்லாந்தரின் கல்லறை வாசகங்களை லுடோவிசி 1877இலேயே நூலாக்கிவிட்டார். கல் தன் பெயரைத் தானே காக்கும். குரலில் வாழ்ந்த படைப்போ, பேசுவோர் மொழி மாறும்போது மௌனமாகும். முதியோர் நினைவில் எஞ்சியுள்ள அக்குரலைப் பதிவுசெய்வது தமிழ் ஆய்வுலகின் உடனடிக் கடன்.