அமுக்குவானும் அரைத் தூக்கமும்

விழிப்பு வந்துவிட்டது, கண்ணும் திறந்துவிட்டது. ஆனால் கை கால் அசையவில்லை. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையைக் கூப்பிட நினைத்தால் குரல் எழும்பவில்லை. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் விட்டுப்போகும்; பயம் மட்டும் விடாது. அமுக்குவான் என்று நாம் சொல்வதை ஜப்பானியர் கனாஷிபாரி என்கிறார்கள். கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் அது நெஞ்சில் ஏறி அமரும் கிழவி. பேய்க்கு ஊருக்கொரு பெயர் இருந்தாலும் அது வரும் நேரமும் விதமும் எங்கும் ஒன்றுதான். அந்த ஒற்றுமையே இதைப் பேயின் வேலையாகப் பார்க்காமல் உடம்பின் வேலையாகப் பார்க்கச் சொல்கிறது. 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும், தூக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடுவதையும், அப்போது எழுப்பினால் பெரும்பாலோர் கனவு சொல்வதையும் எழுதினார்கள். கனவில் ஓடுகிறவர் எழுந்து ஓடிவிடாதபடி, அந்தக் கட்டத்தில் மூளையே தசைகளைக் கட்டிப்போடுகிறது. கட்டு அவிழுமுன் விழிப்பு முந்திக்கொண்டால் அதுதான் அமுக்குவான். கனவுத் தூக்கம் விடியற்காலையை ஒட்டியே நீளும் என்பதால் அந்த நேரத்தில் இது வருவதிலும் அதிசயமில்லை. 2011இல் ஷார்ப்லஸ், பார்பர் இருவரும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, பொதுமக்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதை அனுபவித்திருந்தார்கள். மாணவர்களில் இருபத்தெட்டுப் பேர். தூக்கக் குறைவு, நேரம் மாறிய தூக்கம், மனக்கவலை ஆகியவை இதை அடிக்கடி வரவழைக்கும். ஆகவே அமுக்குவான் வரும் வீட்டில் முதலில் தேடவேண்டியது, காணாமல் போன தூக்கத்தை.

அப்புத்தளைத் தோட்டங்களில் அந்தத் தூக்கம் எங்கே போகிறது? வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு முன் அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பெரிய பிள்ளையைப் பள்ளிக்கும் சின்னதைப் பிள்ளைக்காம்பிராவுக்கும் தயார்படுத்துகிறவள், இரவில் கடைசியாகப் பாயில் சாய்கிறவளும்கூட. பகலில் பறித்த கொழுந்து இரவெல்லாம் வாடி விடியுமுன் அரைபடுவதால், ஸ்டோர் எனும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்குப் பகல்தான் இரவு. பிள்ளைகள் விளையாடும் லயத்தில் பகலில் தூங்குவது எப்படியென்று யாரும் கேட்பதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஒருவர் இருமினால் எல்லோருக்கும் விழிப்பு. 2021இல் இலங்கை வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபோகட்டாவும் இந்த லயன் நெருக்கடியைக் குறிப்பிட்டார். போதாததற்கு மழை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியதை இந்தப் பக்கத்தில் மறந்தவர் யார்? அங்கே ஆபத்து இருப்பதாக முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அடைமழை இரவில் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பதை நோய் என்று சொல்லமுடியாது; அது நியாயமான பயம். அதற்கு மருந்து மாத்திரையில் இல்லை, ஆபத்தில்லாத நிலத்தில் கட்டிய வீட்டில் இருக்கிறது.

"எங்களுக்குப் பழகிப்போச்சு" என்பார்கள். பழகுவது உணர்வு மட்டுமே. அமெரிக்காவில் 2003இல் வெளியான வான் டொங்கன் குழுவின் ஆய்வில், பதினான்கு இரவுகள் ஆறு மணிநேரம் மட்டும் படுக்கவிடப்பட்டவர்களின் கவனம், ஒரு இரவு அறவே தூங்காதவர்களின் அளவுக்குச் சரிந்தது. அவர்களோ கொஞ்சம்தான் தூக்கமாக இருக்கிறது என்றார்கள். சரிவில் கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் கைக்கும் கொழுந்தரைக்கும் இயந்திரத்தின் அருகே நிற்கும் கைக்கும் இந்தத் தப்புக்கணக்கு ஆபத்தானது. வேலையில் அடிபட்டால், "தூங்கி வழிந்தாய்" என்ற ஒரு சொல்லோடு விடயத்தை முடிக்க இடம்கொடுக்க வேண்டாம். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் அடிபட்டவருக்காகவே இருக்கிறது.

கோடாங்கி மந்திரித்து நூல் கட்டினால் அமுக்குவான் நின்றுவிடுகிறதே என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பலருக்கு இது எப்போதாவது வந்து தானாகவே போகிற ஒன்று. அதோடு பயம் தணிந்தால் தூக்கம் கூடும். எகிப்தியரையும் டென்மார்க் நாட்டவரையும் ஒப்பிட்ட ஆய்வொன்றில், இதனால் செத்துவிடுவோம் என்று அதிகம் பயந்த எகிப்தியருக்கே அசைவற்ற நேரமும் நீண்டிருந்தது. ஆகவே நூலால் கெடுதி இல்லை. நூலோடு நின்றுவிடுவதில்தான் கெடுதி. ஒரே காம்பிராவில் இரண்டு மூன்று பேர் தலைவலியோடும் குமட்டலோடும் எழுந்தால் அது அமுக்குவான் அல்ல. குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வைத்த கரி நெருப்பின் வாயு அது. மணமோ நிறமோ இல்லாமல் ஆளைக் கொல்லும். உடனே வெளியே கொண்டுவந்து 1990 அம்புலன்சை அழையுங்கள். தூக்கத்தில் கைகால் வெட்டி இழுத்தல், நாக்கைக் கடித்தல், குறட்டை நடுவே மூச்சு நின்று திணறல், சிரிக்கும்போது முழங்கால் தளர்தல் ஆகியவற்றைத் தியத்தலாவை ஆதார வைத்தியசாலையிலோ பதுளையிலோ காட்டவேண்டும். வாரக்கணக்கில் தூக்கமும் போய், வாழ்வும் வெறுத்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கம் உண்டு. இரவுத் தேத்தண்ணியைக் குறைக்கலாம். அதன் கஃபீனில் பாதி ஐந்து மணிநேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். தேயிலை மலையில் இதைச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

இழந்த தூக்கத்தை மீட்கச் சட்டம் சமையலறைக்குள் வராது. விடியுமுன் அடுப்பு மூட்டும் வேலையை ஆணும் பங்குபோட்டால் மனைவிக்கு அரைமணிநேரத் தூக்கம் மீளும். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஸ்டோர் வாசலிலோ சட்டம் நிற்கிறது. பெண்கள், இளைஞர், சிறுவர்களை வேலைக்கமர்த்துதல் பற்றிய 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது எழுதப்பட்டவை இவை: பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக இரவு வேலைக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது. இரவு பத்து மணிக்குப் பின் வேலை வாங்க தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மாதத்தில் பத்து இரவுக்கு மேல் கூடாது. கூலி ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது. ஓய்வறை வேண்டும். பகலில் வேலை செய்தவளை அன்றிரவு பத்துக்குப் பின் அமர்த்தவே கூடாது. மீறினால் திகதியும் நேரமும் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு, சங்கத் தலைவரோடோ தனியாகவோ பதுளைத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.